ஆளில்லாத கட்டிலுக்குக் காற்று

உள்ளே வா அம்மா. செருப்பை அந்தப் பலகைமேல் வை. தரையில் விட்டால் வீட்டுக்கார அம்மாளின் பூனை அதில் படுத்துவிடும்.

அறையா? இந்த வீட்டிலா? இல்லையே. இங்கே இருப்பது இரண்டே அறைகள். ஒன்றில் நான் இருக்கிறேன், இன்னொன்றில் என் தங்கை இருக்கிறாள். யாரோ உனக்குத் தவறான முகவரி கொடுத்திருக்கிறார்கள். சியாங் மாயில் நூறு தமிழர்கள் இருந்தால் நூற்றிருபது தவறான தகவல்கள் உலவுகின்றன. எங்கே, கைப்பேசியைக் காட்டு. என் கண்ணாடி எங்கே? தலைமேல்தான் இருக்கிறது, சரி.

ஓ, தமிழர் வாட்ஸ்அப் குழுவில் வந்ததா? அதன் ஓசையை அடக்கி எட்டு மாதம் ஆகிறது. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் பூக்களைப் பார்ப்பதற்காக நான் நாடு விட்டு நாடு, தாய்லாந்து வரை வரவில்லை. எங்கே அந்த விளம்பரம்... இதுவா.

“அறை வாடகைக்கு. காத்து சுத்தம் பண்ணுற மெஷின் உண்டு. நம்ம ஊர்ச் சாப்பாடு உண்டு. வீட்டில் இருப்பது நானும் மங்கையர்க்கரசியும். நாங்க அக்கா தங்கச்சி இல்ல, தம்பதி. பத்தொம்பது வருசமா. அதுல சங்கடப்படுறவங்க வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாக்ரூன் இலவசம். இப்படிக்கு, ஜெசிந்தா பர்னாந்து.”

உட்கார்.

இல்லை, நீ போகக் கூடாது. உட்கார். பெயர் என்ன? நிறைமதி. எந்த ஊர்? நாமக்கல். சரி, நிறைமதி, உனக்கு நான் ‘நீங்கள்’ போடமாட்டேன். இருபத்தாறு ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு நடத்தியவள். முப்பதுக்குக் கீழே யாரைப் பார்த்தாலும் எனக்கு வருகைப்பதிவு எடுக்கத் தோன்றும். ஜெசி சந்தைக்குப் போயிருக்கிறாள். பதினொன்றரைக்கு வந்துவிடுவாள். அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வர வேண்டும். நீ கேட்டுக்கொண்டிரு, போதும்.

இரண்டு நிமிடத்துக்கு முன்னால் உன்னிடம் ‘என் தங்கை’ என்றேன் அல்லவா? அது பொய். ஆனால் அதைச் சொல்ல எனக்குச் சிறு முயற்சிகூடத் தேவைப்படவில்லை, கவனித்தாயா? குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறதே, அதைப் போல. வாசலில் தமிழ் முகம் தெரிந்தால் என் வாயில் தங்கை பிறந்துவிடுகிறாள்.

இத்தனைக்கும் நான் ஒளிவுமறைவு தெரியாதவள். என்னைத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பார். துணைவேந்தர் ஒருவரிடம் மேடையிலேயே “ஐயா, உங்கள் உரையில் ஆண்டுகள் மட்டும் சரி, மற்றவை கதை” என்றவள். பொய் சொல்வது என் இயல்பல்ல. தகவல்களைத் தேவைக்கேற்ப வரிசைப்படுத்துவேன், அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரி. பெயர் வேண்டாம், அவர்களுக்கு ஏற்கெனவே போதுமான பெயர் இருக்கிறது. நான் வரலாற்றுத் துறை. ஜெசி மாணவியர் விடுதியின் பொறுப்பாளர். தூத்துக்குடிக்காரி, குரூஸ்புரத்தில் பிறந்தவள். விடுதிச் சாம்பாரைப் பற்றி நான் எழுத்தில் புகார் கொடுத்தேன். அவள் ஒரு தூக்குவாளியில் மீன்குழம்பு கொண்டுவந்து என் மேசையில் வைத்து, “இதுக்கும் ஒரு புகார் எழுதுங்க மேடம், பாப்போம்” என்றாள். நான் சைவக் குடும்பத்துப் பெண். முப்பத்தைந்து வயது வரை மீனைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். மேற்கொண்டு விவரிக்க வேண்டுமா? வேண்டாம்.

இரண்டு பெண்கள் சேர்ந்து வீடு எடுத்தால் திருச்சியில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். “துணைக்குத் துணையாச்சு” என்பார்கள். ஆனால் வீட்டுக்கார அம்மாளுக்கு மாதம் ஒருமுறை தண்ணீர்க் குழாயைச் சரிபார்க்கும் வழக்கம் உண்டு. குழாய் சமையலறையில் இருக்கும். அவர் படுக்கையறைகளின் வழியாகத்தான் அங்கே போவார். ஆகவே நான் இரண்டாவது அறையில் ஒரு கட்டில் போட்டேன். ஜெசியின் கட்டில். அதில் ஜெசி ஒருநாளும் படுத்ததில்லை.

தினமும் காலை ஆறு மணிக்கு நான் அதைக் கலைப்பேன். கலைப்பது எளிது என்று நினைக்காதே. போர்வையைச் சும்மா கசக்கி எறிந்தால் அது கசக்கி எறிந்த போர்வை போலத்தான் இருக்கும். தலையணையில் ஒரு குழிவு வேண்டும். அதற்கு முழங்கையால் அழுத்த வேண்டும். ஜெசியின் சீப்பிலிருந்து ஒரு முடி. பக்கத்தில் ஜெபமாலை, தைலப்புட்டி, கவிழ்த்து வைத்த ஒரு வாரப் பத்திரிகை. பத்திரிகையை வாரம்தோறும் மாற்றினேன். கொஞ்சம் யோசித்துப்பார், என் மாணவியரிடம் ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, வீட்டில் ஆதாரம் தயாரித்துக்கொண்டிருந்தேன். தரமான ஆதாரம். பதினேழு ஆண்டுகள் ஒருவரும் சந்தேகப்படவில்லை.

ஒரே ஒரு முறை மட்டும் சற்று நெருக்கடி வந்தது. விடுதியில் ஒரு கட்டிலில் ஒருத்திதான் படுக்க வேண்டும் என்று விதி. இரண்டாம் ஆண்டு வணிகவியல் பெண்கள் இருவர் ஒரே கட்டிலில் படுத்திருந்தார்கள். காலைச் சோதனையில் ஜெசி பார்த்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டாள். பிறகு வேறு யாரோ போட்டுக்கொடுத்தார்கள். ஒழுங்குக் குழு கூடியது. குழுவில் நானும் இருந்தேன். விடுதியிலிருந்து இருவரையும் நீக்கும் அறிக்கையை எழுதியதும் நான்தான். குழுவில் ஒரு வாக்கியத்தை முழுதாக முடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நல்ல அறிக்கை. நான் எழுத மறுத்திருந்தால் ஏன் மறுக்கிறாள் என்று கேட்டிருப்பார்கள் அல்லவா? ஜெசியைக் காப்பாற்றத்தான் எழுதினேன். ஒருத்தி படிப்பையே விட்டுவிட்டாள் என்று ஜெசி பிறகு சொன்னாள். அதை நான் சரிபார்க்கவில்லை.

ஏன் தலையைக் குனிந்துகொள்கிறாய்? தண்ணீர் வேண்டுமா?

சரி. இந்த ஊருக்கு நான் முதலில் ஒரு கருத்தரங்கிற்காக வந்தேன். சந்தையில் இரண்டு பெண்கள், அறுபது வயது இருக்கும். ஒருத்திக்கு ஒட்ட வெட்டிய தலைமுடி. பொரித்த பன்றித்தோல் வாங்கி ஒருத்திக்கு ஒருத்தி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தேன். ஒருவர்கூடத் திரும்பவில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அன்றே ஜெசிக்குத் தொலைபேசியில் சொன்னேன்: “இங்கே வந்துவிடலாம். இங்கே நாம் ஒளிய வேண்டியதில்லை.” அவள், “கடல் இருக்கா?” என்றாள். இல்லை என்றேன். “மீனு?” என்றாள். ஆற்று மீன் என்றேன். பிறகு, “செரி, ஒனக்காவ வாரேன்” என்றாள்.

விருப்ப ஓய்வு வாங்கினோம். ஐம்பது தாண்டியவர்களுக்கு இங்கே ஓய்வுக்கால விசா உண்டு. வந்தோம். வீடு பார்த்தோம். தரகர் ஒரு படுக்கையறை வீடு காட்டினார். அழகான வீடு, ஜன்னலைத் திறந்தால் மலை. நான் இரண்டு படுக்கையறை வேண்டும் என்றேன்.

சிரிக்காதே. எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

எதற்கு என்று கேட்டால் பொங்கல் விழாவைச் சொல்வேன். வந்த மூன்றாம் மாதம். ஒரு பள்ளிக்கூட அரங்கம், தொண்ணூறு தமிழர்கள், பருப்பில்லாத சாம்பார். பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாள் வந்து, “நீங்க ரெண்டு பேரும்...?” என்று இழுத்தார். “என் தங்கை” என்றேன். பெயர்களைக் கேட்டார். மங்கையர்க்கரசி, ஜெசிந்தா பர்னாந்து. அவர் புருவம் ஏறியது. உடனே நான் ஒரு வம்சாவளியை எடுத்துவிட்டேன். என் பெரியப்பா உப்பளத்தில் கணக்கராக இருந்தபோது ஒரு பரதவப் பெண்ணை மணந்து மதம் மாறிய கிளை. நான்கு தலைமுறை, பெயர்களோடு. வரலாற்றுப் பேராசிரியர் சொன்னால் நம்பாமல் இருப்பார்களா? அந்த அம்மாள் கண் கலங்கி, “எவ்வளவு பெரிய மனசு உங்க குடும்பத்துக்கு” என்றார். என் பெரியப்பாவுக்கு மகளே கிடையாது. மூன்று பையன்கள், மூன்றும் தண்டம்.

சிவப்பு வாடகை வண்டியில் வீடு திரும்பினோம். இறங்கும்போது ஜெசி, “எங்கப்பன் உப்பளத்துல கணக்கப்பிள்ளையா? எங்கப்பன் கடலுக்குப் போனவன் அரசி. அவன மாத்தாத” என்றாள். அசதியில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து இரண்டாவது கட்டிலைக் கலைத்தேன்.

இங்கே புகைக்காலம் என்று ஒன்று இருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்கும். பிப்ரவரியில் சுற்றியிருக்கும் காடும் வயலும் எரியத் தொடங்கினால் மலை காணாமல் போய்விடும். சூரியன் செந்தூரப் பொட்டு மாதிரி தொங்கும். ஜன்னலைத் திறக்க முடியாது. இந்த ஆண்டு மிகவும் மோசம். மார்ச்சில் ஒரு நாள் மதியம் வீட்டுக்கார அம்மாள் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். பா புவா என்று கூப்பிடுவோம். ‘பா’ என்றால் இங்கே பெரியம்மா. நேராக என் அறைக்குள் போய், “நீங்கள் தூங்கும் இடத்தில் வைக்கிறேன்” என்றார்.

“அது என் அறை மட்டும்தான்” என்றேன். “என் தங்கை அடுத்த அறை. அவளுக்கு ஆஸ்துமா. எங்களுக்கு இரண்டு வேண்டும்.”

ஜெசி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஆஸ்துமா இல்லை. மூன்று மாடியை மூச்சு வாங்காமல் ஏறுவாள். ஆனால் தாய்லாந்து மொழி என்னைவிட அவளுக்கு நன்றாக வரும். சந்தையில் கற்றுக்கொண்டது.

பா புவா என்னையே பார்த்தார். “அந்த அறையில் யார் தூங்குகிறார்கள்? என் பூனைகூட அங்கே போவதில்லை” என்றார். “தங்கையாம். நீங்கள் வந்த மூன்றாவது நாளே எனக்குத் தெரியும். எந்தத் தங்கை அக்காவின் தட்டில் முள் எடுத்து மீன் வைக்கிறாள்?” பிறகு சிரித்துவிட்டு, “என் அண்ணன் மகள் போன வருடம் தன் ஆளை மாவட்ட அலுவலகத்தில் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் பெண்கள்தான். கையெழுத்துப் போட்டார்கள், சட்டப்படி. அங்கே ஒரு குவளை தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்றுதான் எங்களுக்குக் கோபம்” என்றார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? சிரித்திருப்பார்கள். அசடு வழிந்திருப்பார்கள். ஜெசி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பா புவாவிடம், “உங்கள் குடும்பத்துக்கு என் வாழ்த்துகள். ஆனால் இவள் என் தங்கைதான்” என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் இரண்டாவது இயந்திரத்தை வாங்கி வந்தேன். ஒரு கூற்றை முன்வைத்துவிட்டால் கடைசிவரை நிறுவ வேண்டும். அது ஆய்வு நெறி.

அந்த இரண்டாவது அறையில் வைத்து இயக்கினேன். அதில் ஓர் எண் தெரியும். காற்றில் எவ்வளவு அழுக்கு என்று காட்டும் எண். வெளியே அன்று இருநூற்று எண்பத்தேழு. அரை மணியில் அந்த அறைக்குள் ஒன்பது. இந்த நகரத்திலேயே மிகத் தூய்மையான காற்று ஆளில்லாத ஒரு கட்டிலின்மேல் வீசிக்கொண்டிருந்தது.

ஜெசி வாசற்படியில் நின்று அந்த எண்ணைப் பார்த்தாள். “ஏட்டி அரசி,” என்றாள், கோபமே இல்லாமல். அவள் கோபப்பட்டால் எனக்குப் பதில் தெரியும். “தெருவுல சனம் இருமிக்கிட்டுக் கெடக்கு. நீ கட்டிலுக்குக் காத்து குடுக்கெ.”

“உனக்காகத்தான்” என்றேன்.

“எனக்காவவா? அந்த ரெண்டு பிள்ளைகள வெளிய அனுப்பி ஒரு தாள் எழுதுனியே, அதுவும் எனக்காவதானே? நானும் பேசாம இருந்தேன். ஊரு அப்படின்னு பேசாம இருந்தேன். இங்க எந்த எளவெடுத்த ஊருட்டி வந்து ஒன்ன கேட்டுச்சு?”

பிறகு எங்கள் அறைக்குப் போய்த் தன் தலையணையை எடுத்து வந்தாள். மாலை நான்கு மணி. “இவ்வளவு காத்தும் வீணாப் போவக் கூடாதுல்லா” என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டிலில் படுத்தாள். முதல் முறையாக.

இரண்டு நாளில் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். நாற்பத்தோரு நாள் ஆகிறது. பேசாமல் இல்லை, நன்றாகப் பேசுவாள். முள் எடுத்து மீன் வைக்கிறாள். “மாத்திரை போட்டியா?” என்று கேட்கிறாள். பிறகு, “குட் நைட் அக்கா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அக்கா! சோங்க்ரான் தண்ணீர்த் திருவிழா போன வாரம் வந்தது. தெருவில் எல்லாரும் எல்லார்மேலும் தண்ணீர் ஊற்றுகிறார்கள், அவளும் என் தோளில் ஒரு கிண்ணம் நீரை மரியாதையாக ஊற்றி, “ஆசீர்வாதம் பண்ணுங்க அக்கா” என்கிறாள். பா புவா விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

வா, அறையைக் காட்டுகிறேன். பார்க்கத்தானே வந்தாய்.

பார்த்தாயா, படுக்கை எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது? ஒரு சுருக்கம் கிடையாது. விடுதிப் பழக்கம், ஐந்தரைக்கே எழுந்து விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிடுவாள். ஆளில்லாதபோது தினமும் கலைந்து கிடந்த படுக்கை. ஆள் வந்த பிறகு யாரும் படுக்காதது போல இருக்கிறது. ஆறு மணிக்கு நான் வந்து வாசலில் நிற்கிறேன். எனக்கு இங்கே வேலையே இல்லை.

திருவிழா முடிந்த மறுநாள் சொன்னாள்: “அரசி, மாசக் கடைசிக்குள்ள இந்த ரூமுக்கு நெசமா ஒரு ஆள வச்சிருதேன். வந்தா நான் நம்ம ரூமுக்கு வாரேன், நெசமா. ஆளு வேண்டாம்னு நீ சொன்னா நான் தூத்துக்குடிக்குப் போறேன். முப்பதாம் தேதிக்கு டிக்கெட் போட்டாச்சு. ஊருக்குக் காட்டுததுக்கு ஒனக்கு ஒரு தங்கச்சி வேணும்னா வேற ஆளப் பாரு.” சொன்னாள். விளம்பரமே கொடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அதுவும் தமிழர் குழுவில், என் முழுப் பெயரோடு.

புரிகிறதா உன் நிலைமை? நீ வாடகைக்கு அறை பார்க்க வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

சரி, அந்த விளம்பரத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறார்கள்? மறைக்காதே. படி. நான் தாங்குவேன்.

“துணி காயப்போட மாடி உண்டா?” ம். அடுத்தது. “தயிர் எங்க வாங்குறீங்க மேடம்?” அடுத்தது. “மாக்ரூன்ல முட்டை உண்டா?” உண்டு, முட்டையின் வெள்ளைக்கரு இல்லாமல் தூத்துக்குடி மாக்ரூன் எப்படி வரும்? அடுத்தது. அந்தப் பட்டுச்சேலை அம்மாளா? என்ன எழுதியிருக்கிறார்? “தங்கச்சின்னு சொன்னீங்களே... சரி சரி. சந்தோஷமா இருங்க. ரெண்டு டஜன் மாக்ரூன் எனக்கு.”

அவ்வளவுதானா? தொண்ணூற்று மூன்று பேர் இருக்கிற குழு! கோபித்துக்கொண்டு ஒருவராவது வெளியேறினாரா? ஒருவரா? யார்? கதிர்காமநாதனா? அவர் மாதம் ஒருமுறை வெளியேறி மறுபடி சேருவார், அதைக் கணக்கில் எடுக்க முடியாது.

தயிர் எங்கே வாங்குகிறோம் என்று கேட்கிறார்கள். இவர்களுக்காகவா நான் நான்கு தலைமுறை வம்சாவளி போட்டேன்?

ஸ்கூட்டர் சத்தம். அவள்தான். படியேறுகிறாள். கேள், மூன்று மாடி, ஒரு இடத்தில்கூட நிற்க மாட்டாள்.

“ஏட்டி அரசி, கதவு தொறந்து கெடக்கு! யாரு வந்துருக்கா?”

நீ பேசாமல் இரு. நான் சொல்கிறேன்.

ஜெசி, இது நிறைமதி. நாமக்கல் பெண். உன் விளம்பரத்தைப் பார்த்து வந்திருக்கிறாள். அந்த விளம்பரத்தின் நடையைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு, அவற்றைப் பிறகு வைத்துக்கொள்வோம். பையைக் கீழே வை. மீன் ஒழுகுகிறது.

நிறைமதி, இவள் ஜெசிந்தா பர்னாந்து. என் தங்கை இல்லை. இவளுடைய அப்பா கடலுக்குப் போனவர். பத்தொன்பது ஆண்டுகளாக என்னோடு ஒரே கட்டிலில் தூங்குகிறவள், இடையில் நாற்பத்தோரு நாள் நீங்கலாக.

“நாப்பத்திமூணு.”

நாற்பத்து மூன்று. திருத்திக்கொள்கிறேன்.

என்ன ஜெசி அப்படிப் பார்க்கிறாய்? தமிழில்தானே சொன்னேன்? தலையணையை எடு. அந்தத் தைலப்புட்டியையும்.

நிறைமதி, ஒன்றாம் தேதி வரை நீ காத்திருக்க வேண்டாம். பெட்டியை இன்றைக்கே எடுத்துக்கொண்டு வந்துவிடு. எனக்கு ஒரே ஒரு நிபந்தனை இருக்கிறது. நாளைக் காலை எழுந்ததும் படுக்கையைச் சரிசெய்யாதே, அப்படியே விட்டுவிடு. நான் ஆறு மணிக்கு வந்து பார்ப்பேன். உண்மையிலேயே ஒருத்தி தூங்கி எழுந்தால் ஒரு கட்டில் எப்படிக் கலைந்து கிடக்கும் என்று தெரிய வேண்டும். இத்தனை ஆண்டும் நான் சரியாகத்தான் கலைத்தேனா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.